அக்கா கையைத் தூக்கும் வாக்கியம்

1

இந்தக் கதை ஒரு குரல் பதிவிலிருந்து தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா யசோதினி பாணமைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு கடற்கரையிலிருந்து எனக்கு அனுப்பிய கடைசிப் பதிவு அது. அதில் அவள் பேசுவது கொஞ்சம்தான். "மேனு, இதைக் கேளு" என்கிறாள். பிறகு போனைக் கடல் பக்கம் நீட்டியிருக்கிறாள். மீதியெல்லாம் இரைச்சல். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி சேற்றில் புதைந்து, சாரதி விடாமல் மிதித்துக்கொண்டே இருந்தால் வருமே, அந்தச் சத்தம். நான் கடலைப் பார்த்ததில்லை. அதனால் எனக்கு அது இன்றைக்கும் லொறிதான்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது பீலிக்கரையில் மட்டும். மலைத் தண்ணீர் குழாய் வழியாக விழும் அந்த இடத்துக்குக் குடத்தோடு போனால்தான், அதுவரை வராத செய்தியெல்லாம் மொத்தமாக வந்து விழும். இந்தப் பதிவு வந்து விழுந்தபோது அக்கா இறந்து ஒரு இரவு கடந்திருந்தது. தோட்டத்து ஆபிஸ் போனுக்குத் தகவல் வந்து, அப்பா ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லப்பட்டு, பெண்கள் எங்கள் வீட்டுக் காம்பராவில் கூடி அழுதுகொண்டிருந்தார்கள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் போடத் தண்ணீர் எடுக்கப் போனேன். போன் அதிர்ந்தது. அக்காவின் பெயர்.

அவள் கடலில் இறந்தாள். அவள் புருஷன் நிமலன் மச்சான் அலைப்பலகையில் படுத்தபடி அவளிடமிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தார். கரையிலும் ஆட்கள் இருந்தார்கள்.

அடுத்த வாரம் முதல் வருடத் திவசம். பிள்ளை இல்லாதவள், அதனால் புருஷன்தான் விளக்கேற்ற வேண்டும். மச்சான் வருகிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். அப்பா அவரைப் படியேற்றமாட்டேன் என்கிறார். "எம் புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயி கடல்ல விட்டுட்டு வந்தவன், எந்தக் காலால இந்தப் படி ஏறுவான்?"

அதற்காகத்தான் எழுதுகிறேன். எழுதி முடித்து அப்பாவிடம் கொடுத்துவிட்டால், மச்சான் படியேற வழி பிறக்கும் என்று நினைத்தேன். வாயால் சொல்ல எனக்கு வராது. நான்கு பேர் பார்த்தால் எழுந்து உள்ளே போய்விடுவேன். பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது பிள்ளைக் காம்பராவில் வேலை. மலைக்குப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்டுகிறேன். அவர்கள் மத்தியானம் தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன். ஆகவே ஒரு வாக்கியம் நடுவில் நின்றுவிட்டால், அங்கே ஒரு குழந்தை விழித்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா இடத்திலும் அது உண்மையாக இருக்காது.

2

முதல் தொடக்கம்: "நமுனுகுல மலையின் பனி விலக, வெள்ளை வேன் ஒன்று வளைவுகளில் இறங்கி..."

[வெட்டிவிட்டேன். வேன் வெள்ளையில்லை, நீலம். விபத்தில் போன ஒரு கதவுக்குப் பதிலாக வேறொரு வேனின் பச்சைக் கதவைப் பூட்டியிருந்தார்கள். பனியும் விலகவில்லை. அன்று தூறல்.]

இரண்டாம் தொடக்கம்: "காதலர் இருவர் கடலைத் தேடிப் புறப்பட்டனர்."

[இதை எழுதியதும் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன்புதான் அந்தக் காதலர் இருவரும் அடுப்பை யார் அணைப்பது என்று சண்டை போட்டார்கள்.]

அலங்காரம் இல்லாமல் சொல்கிறேன். நிமலன் மச்சான் எல்ல டவுனில் வாடகை வேன் ஓட்டினார். வெள்ளைக்கார ஜோடிகளை ஏற்றி வெல்லவாய, மொணராகலை, சியம்பலாண்டுவ வழியாக அறுகம்பேயில் இறக்குவார். அவர்கள் அலை விளையாடி முடிக்கும்வரை காத்திருப்பார். பொத்துவில்காரர் பஸீல் அங்கே அலைப்பலகைகள் வாடகைக்குக் கொடுக்கிறவர். சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷனைப் பார்க்கப் பொறுக்காமல், விளிம்பு உடைந்த பழைய பலகை ஒன்றைக் கொடுத்து ஏறச் சொன்னார். விழுந்து விழுந்து, ஒருநாள் மச்சான் அலைமேல் நின்றுவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் வேறு பேச்சில்லை. ஊர் உலகத்துச் சோடியையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன், என் பெண்சாதி பார்க்கவில்லையே என்பதுதான் அவருடைய பாட்டு.

சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்கியதும் பின் சீட்டுகளைக் கழற்றினார். மெத்தை போட்டார். ஜன்னலுக்கு அக்காவின் பழைய நைலெக்ஸ் சேலையைத் திரையாகக் கட்டினார். வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் வேனிலேயே தூங்கி, வேனிலேயே சமைத்துக் கரையோரமாகப் போவார்களாம்.

எங்கள் லயத்தில் யாரும் சும்மா பயணம் போவதில்லை. போனால் கோயில், கல்யாணம், சாவு. கடலுக்குப் போனால் சாம்பல் கரைக்க. ஆகவே அப்பா கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கோயிலுக்கு?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு, உகந்தை முருகன் கோயிலுக்கு என்றாள். பொய்யில்லை, அந்தக் கோயில் அதே கரையில்தான் இருக்கிறது. அப்பா தலையாட்டிவிட்டு, விபூதி கொண்டு வரச் சொன்னார்.

பக்கத்துக் காம்பரா பூவம்மா அத்தை வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்று வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். "கோயிலுக்குப் போறவுக மெத்தை கொண்டுக்கிட்டா போவாக? முருகன் படுக்கிறதுக்கா?"

"ஆமாங்க அத்தை" என்றாள் அக்கா. "வள்ளிக்கும் சேத்துத்தான் எடுத்தோம்."

இப்படி எழுதினால் கதை சிரிப்பாக இருக்கிறது. இருக்கட்டும். அன்று அது சிரிப்பாகத்தான் இருந்தது.

3

நான் போகாத பயணத்தை எழுதுவது பற்றி ஒரு வார்த்தை. என்னிடம் இருப்பது அக்காவின் பதிவுகளும் கொஞ்சம் படங்களும்தான். நடுவில் இருக்கும் ரோட்டை நான் கட்டிக்கொள்ள வேண்டும். வெல்லவாயவுக்கு இறங்கியதும் காற்று சூடாகும் என்று எழுதுகிறேன். அந்தச் சூடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அடுப்பங்கரைச் சூட்டை எடுத்து ரோட்டில் வைத்திருக்கிறேன். தப்பென்றால் மன்னியுங்கள்.

பதிவுகளில் அக்கா ஓயாமல் பேசுகிறாள். சியம்பலாண்டுவ தாண்டி ஒரு மயில் ரோட்டை விட்டு நகரவில்லையாம், "நம்ம பூவம்மா அத்தை மாதிரி வழியில நின்னுக்கிட்டு யாரு என்னான்னு பாக்குது." பாணமைப் பக்கம் ஒரு குளத்தில் முதலை. மரக்கட்டை என்று இவள் சொல்ல, முதலை என்று மச்சான் சொல்ல, கடைசியில் கட்டை வாயைத் திறந்ததாம். ஒற்றைக் காலில் நிற்கும் பெரிய நாரைகள், ரோட்டைக் கடக்கும் காட்டுப்பன்றிக் கூட்டம், மரத்தில் தலைகீழாகத் தொங்கும் வௌவால்கள். எல்லாவற்றுக்கும் அவள் லயத்து ஆட்களில் ஒருவர் பெயரை வைத்திருக்கிறாள். அந்தப் பெயர்களை இங்கே எழுதினால் எனக்கு லயத்தில் இருப்பு இல்லை.

மச்சான் அலைமேல் நிற்பதைப் பற்றியும் ஒரு பதிவு இருக்கிறது. "மேனு, ஒங்க மச்சான் பலகையில நிக்கிறாரு. காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்குப் பிந்தி வந்தவன் கங்காணி முன்னால நிப்பான்ல, கூனிக்கிட்டு, கையி ரெண்டையும் என்ன செய்யிறதுன்னு தெரியாம, அப்பிடி நிக்கிறாரு. ஆனா விழல."

அந்த "ஆனா விழல" என்ற இடத்தில் அவள் குரல் மாறுகிறது. நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். ஆசை என்ற சொல்லை நான் எழுத வேண்டிய இடம் அதுதான். எழுதினால் அவள் கேலி செய்வாள். விட்டுவிடுகிறேன்.

இனி யானை. நன்றாகக் கவனித்துப் படியுங்கள், கதை இதில்தான் இருக்கிறது.

லகுகலையில், குளத்தங்கரை ரோட்டில், பொழுது சாயும் நேரம். ஓரத்துப் புல்லுக்குள்ளிருந்து ஒரு தனி யானை ரோட்டில் ஏறி, வேனுக்கு முன்னால் நின்றுவிட்டது. மச்சான் எஞ்சினை நிறுத்தினார். அது நகர்ந்து பக்கவாட்டில் வந்து, பச்சைக் கதவை முகர்ந்து, திறந்திருந்த ஜன்னலில் தும்பிக்கை நுனியை வைத்தது. அக்கா அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவள் கத்தவில்லை, பின்னால் சாயவுமில்லை. இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே செருகிக்கொண்டு, வாயை இறுக்கி, கண்ணைக்கூட இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். யானை சலித்துப்போய் மறுபக்கக் காட்டுக்குள் இறங்கியது.

பதிவில் பின்னால் மச்சான் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. அக்கா சொல்கிறாள்: "மூச்சாவது விட்டியாடின்னு கேக்குறாரு. நான் சொன்னேன், குளவிக்கு இருக்கிற மாதிரி இருந்தேன்னு. அவருக்கு வெளங்கல. அப்பா சொல்லிக் குடுத்ததுன்னேன்."

4

* குளவி பற்றி ஒரு அடிக்குறிப்பு. பக்கத்தின் அடியில் இடம் போதாததால் மேலே கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் அம்மா ரெங்கம்மா குளவி கொட்டிச் செத்தாள். நான் சின்னப்பிள்ளை. மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தபோது, மரத்துக் கூட்டைக் கழுகு கலைத்துவிட்டது. மற்றப் பெண்கள் தேயிலைக்கு அடியில் குந்திக்கொண்டார்கள். அம்மா ஓடினாள். இடுப்பில் கட்டும் படங்குத் துணியைச் சுழற்றி, கைகளை வீசி, எங்கள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினாள். குளவி அசைகிறதைத்தான் துரத்தும். குந்தியிருந்தவர்களுக்கு ஒன்றிரண்டு கொட்டு. அம்மாவை முகம் தெரியாமல் கொண்டு வந்தார்கள். அப்பா அழகையா அன்று எதிர்மலையில் தண்ணீர்க் கான் வெட்டிக்கொண்டிருந்தார். முழுவதையும் பார்த்தார். கத்தினார், அவளுக்குக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பா எங்களைப் பழக்கினார். சாயந்தரங்களில் நாங்கள் இஸ்தோப்பில் விளையாடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கையைத் தட்டுவார். உடனே இரண்டு பேரும் இருந்த இடத்தில் குந்த வேண்டும். கைகள் தொடைக்குக் கீழே. வாய் மூடியிருக்க வேண்டும். "ஓடாத. கத்தாத. கையத் தூக்காத." அவர் "போயிருச்சு" என்று சொல்லும்வரை அசையக்கூடாது. சில நாள் உடனே சொல்வார். சில நாள் எங்களையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் சொல்லமாட்டார். நான் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அகப்படுவேன். அக்கா அகப்பட்டதே இல்லை. எறும்பு முழங்காலில் ஏறினாலும் அசையமாட்டாள். அப்பாவுக்கு அதில் ஒரு நிம்மதி. பெரியவள் பிழைத்துக்கொள்வாள் என்று பூவம்மா அத்தையிடம் சொல்லியிருக்கிறார்.

[இந்த இடத்தில், வகுப்பில் நான் ஒருநாளும் கையைத் தூக்காததைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ரொம்பப் பொருந்தியது. பொருந்தியதால் கிழித்தேன். நான் பிறவிக் கூச்சக்காரி. அதைக் குளவிமேல் போடக்கூடாது.]

5

மச்சானை நான் பதுளை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். செத்தவீட்டுக்குப் பிறகு முதல் தடவை. அப்பாவின் இருமலுக்கு மருந்து வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நீல வேன். பச்சைக் கதவு. அவர்தான் என்னைக் கண்டுபிடித்து, "மழை வருது புள்ள, உள்ள இரு" என்றார்.

பின்னால் மெத்தை அப்படியே இருந்தது. திரையும் இருந்தது. பலகை இல்லை.

அவர் சொன்னதை அவர் சொன்ன ஒழுங்கில் எழுதப் பார்த்தேன், முடியவில்லை. அவர் முன்னும் பின்னுமாகச் சொன்னார். நான் அடுக்கித் தருகிறேன்.

அன்று காலை பஸீல் அவர்களோடு வந்திருந்தார். அக்காவைப் பலகையில் படுக்கவைத்து, கரையோரத் தண்ணீரில் மச்சான் தள்ளிவிட்டார். அவள் சிரித்து, தண்ணீர் குடித்து, இவ்வளவு உப்பு என்று யாரும் சொல்லவில்லையே என்று சண்டைக்கு வந்தாள். பிறகு தான் கொஞ்சம் நிற்கிறேன், நீங்கள் போய் அலை ஏறுங்கள் என்று அவரை அனுப்பினாள். பஸீல் அவளிடம் தெளிவாகச் சொன்னாராம்: ஏதாவது ஒன்று என்றால் கையைத் தூக்கி ஆட்டுங்கள், கத்துங்கள், நாங்கள் கரையில்தான் இருக்கிறோம். அவள் தலையாட்டினாள்.

அலை உடையாத ஒரு சமதளமான இடம் பார்த்து அவள் இறங்கியிருக்கிறாள். அலைக்குப் பயந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் இறங்குவார்கள் என்றும், கடல் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு போகும் வாய் அதுதான் என்றும் பஸீல் பிறகுதான் சொன்னார்.

மச்சான் பலகையில் படுத்தபடி திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் அவள் நெஞ்சளவில் இருந்தது. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு தடவை பார்த்தபோது கழுத்தளவு. அப்போதும் அவரையே பார்த்துக்கொண்டு, அமைதியாக. மணலில் கால் ஊன்றித்தான் நிற்கிறாள் என்று நினைத்தார். கடலைப் பயமில்லாமல் பார்க்கிறாளே என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்ததாம். நடுவில் ஒரு அலை எழுந்தது. அது இறங்கியபோது அங்கே யாரும் இல்லை.

"கையத் தூக்கியிருந்தா பாத்திருப்பேன் புள்ள" என்றார். "ஒரு சத்தம் குடுத்திருந்தா போதும். எனக்கு அன்னிக்கி வெளங்கல. லகுகலையில யானைக்கு முன்னால எப்பிடி இருந்தாளோ, அதே மூஞ்சி. தூக்கிக் கரையில போட்ட பொறவுதான் வெளங்குச்சு."

வேன் கூரையில் மழை விழுந்தது.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மாமாகிட்ட இதச் சொல்லிறாத. அவரு என்னையவே வையட்டும். வைய வைய நான் செத்துற மாட்டேன். அவரு இதக் கேட்டா செத்துருவாரு."

6

இப்போது உங்களுக்கு என் சிக்கல் தெரியும். இரண்டு பேரில் ஒருவரை நோகடிக்காமல் இந்தக் கதைக்கு முடிவு இல்லை.

முடிவு, ஒன்று. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அக்கா அசையாமல் நின்றாள். அப்பா எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். மச்சான்மேல் இருந்த பழி இறங்குகிறது. இறங்கி எங்கே போகிறது? எதிர்மலையில் நின்று பெண்சாதி சாவதைப் பார்த்த மனுஷன், மிச்சமிருக்கும் பிள்ளைகளாவது பிழைக்கட்டும் என்று கண்டுபிடித்த ஒரே வழியில் போய் உட்காருகிறது. அதற்குப் பிறகு அப்பா காலையில் எப்படி எழுந்து, எப்படி மண்வெட்டியை எடுத்து,

[குழந்தை எழவில்லை. எனக்குத்தான் முடியவில்லை.]

முடிவு, இரண்டு. ஒரு சொல்லை மாற்றுகிறேன். அக்கா கையைத் தூக்குகிறாள். மச்சான் பார்க்கிறார், பலகையைத் திருப்புகிறார், பஸீலும் கரையிலிருந்து பாய்கிறார். கடல் முந்திக்கொள்கிறது. யார்மேலும் தப்பில்லை. தப்பு கடலுக்கு. கடலுக்கு எங்கள் லயத்தில் சொந்தபந்தம் யாரும் இல்லை, எவ்வளவு பழி போட்டாலும் யாருக்கும் நோகாது. கதை என்ற ஒன்று இருப்பதே இதற்குத்தானே என்றுகூட நினைத்தேன். மச்சான் படியேறலாம். அப்பா சாப்பிடலாம். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்.

அக்கா கையைத்

அக்கா தன் வலது கையை மெல்ல

தண்ணீருக்கு மேலே ஒரு கை [யாருடைய கை? அவள் கையென்றால் அவள் எப்போதும் போடும் வெள்ளிக் காப்பு எங்கே? காப்பைப் போட்டுப் பார்த்தேன். வேறு யாரோ ஒரு பெண்ணின் கையாகிவிட்டது.]

அக்கா

நான் எழுதுகிற அக்கா என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறாள். கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, அப்பா "போயிருச்சு" என்று சொல்வதற்காகக் காத்திருக்கிறாள்.

முடிவு, மூன்று. பொழுது சாயும்போது நீல வேன் வளைவில் ஏறி வருகிறது. அக்கா இறங்குகிறாள். அப்பாவுக்கு விபூதிப் பொட்டலம். எனக்கு ஒரு போத்தல் கடல் தண்ணீர், கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். பூவம்மா அத்தைக்கு, மயில் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது என்ற செய்தி.

இந்த முடிவை ஒரு மத்தியானம் முழுக்க வைத்திருந்தேன். பிறகு அதை எழுதிய தாளை அடுப்பில் போட்டேன். இங்கே இருப்பது ஞாபகத்திலிருந்து எழுதியது.

7

இந்தப் பகுதி திட்டத்தில் இல்லை. நேற்று நடந்ததால் சேர்க்கிறேன்.

நான் இதுவரை எழுதியிருக்கும் அப்பா ஒன்றும் தெரியாதவர். உண்மை அவரிடம் போய்ச் சேராமல் நாங்கள் தடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் கதையின் கட்டுமானம். நேற்றுச் சாயந்தரம் அது இடிந்தது.

அப்பா இஸ்தோப்பில் இருந்தார். நான் திவசத்துக்கு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடமாகக் கடலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காத மனுஷன், வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"அந்தப் பய எம்புட்டுத் தூரத்துல இருந்தானாம்?"

"கூப்பிடு தூரம்."

"கரையில ஆளுக இருந்தாகளா?"

"இருந்தாங்க."

அப்பா கீழே ரோட்டில் ஒரு முச்சக்கரவண்டி போகும்வரை பார்த்தார்.

"கூப்புடல" என்றார்.

அது கேள்வியில்லை. கேள்வியென்றால் என்னைத் திரும்பிப் பார்த்திருப்பார். சொல்லிவிட்டு அவர் கைகள் இரண்டும் மெதுவாக நகர்ந்து அவருடைய தொடைகளுக்குக் கீழே போயின. அவருக்கே அது தெரிந்ததோ என்னவோ. வாயை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். உள்ளே சோற்றுப்பானை பொங்கி வழிந்து அடுப்பில் சீறியது. அதற்கும் அசையவில்லை.

அந்த நிலையிலிருந்து ஆளை எழுப்ப ஒரு சொல் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதை அப்பா மட்டும்தான் சொல்வார். என் நாக்கு நுனிவரை வந்தது. நான் சொல்லவில்லை. எழுந்துபோய்ப் பானையை இறக்கினேன்.

ஆகவே திருத்துகிறேன். அப்பாவுக்குத் தெரியும். எப்போதிருந்து என்று தெரியவில்லை. ஒருவேளை ஆஸ்பத்திரியில் அக்காவின் முகத்தைப் பார்த்த அன்றிலிருந்தே. மச்சானை அவர் படியேற்றாததற்கு நான் எழுதிய காரணம் தப்பு. மச்சான் அக்காவைக் கொன்றுவிட்டார் என்று அவர் நினைக்கவில்லை. மச்சானுக்கும் இது தெரியும் என்பதுதான் அவரால் தாங்க முடியாதது. அந்த மனுஷன் வாசலில் வந்து நின்றால் அவர் கண்ணைப் பார்க்க வேண்டும்.

மச்சான் அப்பாவைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அப்பா வைதுகொண்டே வாயை மூடிக்கொண்டிருக்கிறார். நான் எழுதிக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். மூன்று பேரும் நன்றாகப் பழகியிருக்கிறோம்.

8

இன்று திவசம்.

படையல் போட்டாயிற்று. வடை, பாயசம், அக்காவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு தனியாக. படத்துக்கு முன்னால் விளக்கு இருக்கிறது, ஏற்றவில்லை. அப்பா வேட்டி மாற்றிக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்துவிட்டார். ஏன் இன்னும் விளக்கேற்றவில்லை என்று பூவம்மா அத்தை கேட்டாள். எண்ணெய் காணாது என்றார். எண்ணெய் நிறைய இருந்தது.

தண்ணீர் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நான் பீலிக்கரைக்கு வந்தேன். குடத்தைப் பீலிக்குக் கீழே வைத்துவிட்டு, துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கிருந்து எங்கள் இஸ்தோப்பும் தெரியும், கீழே ரோட்டு வளைவும் தெரியும். குடம் நிறைந்து வழிகிறது.

வேன் வந்துவிட்டது. வளைவில் ஓரங்கட்டி நிற்கிறது. மச்சான் இறங்கி, பச்சைக் கதவைச் சுற்றிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பை, அதில் தேங்காயாக இருக்கும். மேலே ஏறவில்லை. கூப்பிடாத வீட்டுத் திவசத்துக்கு ஏறக்கூடாது என்று அவருக்குத் தெரியும். லயத்தைப் பார்த்தபடி நிற்கிறார்.

பூவம்மா அத்தையின் குரல் பீலிச் சத்தத்தையும் மீறி இங்குவரை கேட்கிறது. "அந்தா வந்து நிக்கிறான் பாரு, வெள்ளையும் சொள்ளையுமா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்தானோ." யாரோ அவளை அடக்குகிறார்கள்.

அப்பா எழவில்லை. ஆனால் திட்டவுமில்லை. தலையைத் திருப்பி, தண்ணீர் எடுக்கப் போனவள் எங்கே என்று பார்ப்பதுபோல என் பக்கமாகப் பார்க்கிறார். நான் இங்கே இருப்பது அவருக்குத் தெரிகிறது. குடம் நிறைந்தது தெரியாத தூரமில்லை. வா என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் கைகள் எங்கே இருக்கின்றன என்று மட்டும் இங்கிருந்து தெரியவில்லை.

மேல்மலையிலிருந்து பனி இறங்குகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வளைவு மறைந்துவிடும். மச்சான் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார், அடுத்த வருடம் வரமாட்டார். கத்திக் கூப்பிடலாம் என்றால் பீலிச் சத்தத்தில் கேட்காது, எனக்கும் அவ்வளவு குரல் கிடையாது. இங்கே எழுந்து நின்று ஒரு கையைத் தூக்கினால் போதும். அவருக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். லயம் முழுக்கத் தெரியும்.

நான் இதுவரை ஒருநாளும் செய்யாதது அது.

இவ்வளவு நாளும் அக்காவின் கையைத் தூக்க ஒரு வாக்கியம் தேடினேன். இப்போது என் கையைப் பார்க்கிறேன். எழுதிக்கொண்டிருப்பதும் இதே கைதான். இதைத் தூக்கினால் எழுத்து நின்றுவிடும். எழுதிக்கொண்டே இருந்தால் கை தாளில்தான் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய எனக்குத் தெரியவில்லை.

ஆகவே இந்தக் கதையின் முடிவு இந்தக் கதைக்குள் இருக்க முடியாது. என்ன நடந்தது என்று நான் பிறகு வந்து எழுதமாட்டேன். நீங்கள் அந்த வளைவில் மச்சானுக்குப் பக்கத்தில் போய் நின்று, மேலே பீலிக்கரையைப் பாருங்கள். என்ன தெரிகிறதோ அதுதான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்று பிள்ளைக் காம்பரா லீவு. இங்கே தூங்குகிற குழந்தை எதுவும் இல்லை. இனி ஒரு வாக்கியம் நடுவில் நின்றால், அதற்குக் குழந்தையைக் காரணம் சொல்ல முடியாது.

மச்சான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேன் பக்கம் திரும்புகிறார். அப்பா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் கல்லிலிருந்து எழுந்து